ஈரலில் கட்டி: கத்தியா, ஊசியா, இன்னொரு படமா?

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் என் சித்தப்பா மகள் ஸ்கேன் எடுக்கப் போனாள். வயது 34. கல் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசிப் பத்தியில், ஈரலின் வலது பக்கம் 6 செ.மீ. அளவில் ஒரு கட்டி என்று இருந்தது. அன்று ராத்திரி குடும்பத்து வாட்ஸ்ஆப் குழுவில் யாரும் தூங்கவில்லை. தமிழில் 'கட்டி' என்ற ஒரே சொல்லுக்குள் சீழ்க்கட்டி, கொழுப்புக்கட்டி, புற்றுநோய் எல்லாம் அடக்கம். கேட்கிறவர் காதில் விழுவது என்னவோ கடைசி அர்த்தம் மட்டும்தான்.

அடுத்து எடுத்த சி.டி. ஸ்கேனும் மூன்று பெயர்களை எழுதி, எதையும் உறுதியாகச் சொல்லாமல் விட்டது. ஒரு வாரத்துக்குள் மூன்று யோசனைகள் வந்தன. அறுவை மருத்துவர் ஒருவர், "பெரிசா இருக்கு, எடுத்துடலாம்" என்றார். இன்னொருவர் ஊசியால் துண்டெடுக்கும் பயாப்சி செய்து பார்க்கலாம் என்றார். வயிறு, குடல் நோய்களைப் பார்க்கும் மூன்றாமவர், "ரெண்டுக்கும் அவசரம் இல்ல, முதல்ல சரியான எம்.ஆர்.ஐ. ஒண்ணு எடுங்க" என்றார். அப்போது எங்களுக்கு அது காலம் கடத்துகிற பேச்சாகத்தான் பட்டது. இவ்வளவும் படித்துப் பார்த்த பிறகு இப்போது நான் அந்த மூன்றாமவர் கட்சி. அந்தக் கட்சி தோற்கும் இடங்களும் உண்டு. அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் அது உட்கார்ந்திருக்கும் ஈரலைப் பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் பி அல்லது சி கிருமி, ஈரல் தழும்பேறிக் கெட்டிப்படும் சிரோசிஸ், வேறு உறுப்பில் முன்பு வந்த புற்றுநோய், இவற்றில் ஒன்று இருந்தாலும் கணக்கு மாறிவிடும். அங்கே புதிதாக ஒரு கட்டி வந்தால், வேறு என்று உறுதியாகும்வரை புற்றுநோயாகத்தான் சந்தேகிப்பார்கள். ஈரல் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்துவிட்டால் நிம்மதி என்று பலர் நினைக்கிறார்கள். ஈரல் புற்றுநோய் உள்ள பலருக்கும் அது நார்மலாகவே இருக்கும். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க, மற்றபடி நல்லதாக இருக்கும் ஈரலில் தற்செயலாகக் கண்ணில் பட்ட கட்டியைப் பற்றியது.

அப்படிப்பட்ட ஈரலில் அடிக்கடி தென்படுவது ஹெமாஞ்சியோமா. ரத்தக் குழாய்கள் பின்னிக்கொண்டு பஞ்சு போல ஆன ஒரு பொதி. அதற்கு அடுத்தது எஃப்.என்.எச். என்று சுருக்கமாக எழுதப்படும் ஃபோகல் நோடுலர் ஹைப்பர்பிளேசியா. கோணலாக அமைந்த ஒரு தமனியைச் சுற்றி, ஈரலின் சொந்தச் செல்களே கொஞ்சம் அதிகமாக வளர்ந்துவிடுவது. நடுவில் பல சமயம் நட்சத்திரம் போல ஒரு தழும்பு இருக்கும். இது பெரும்பாலும் பெண்களுக்கு வருகிறது. இவை இரண்டும் ஈரலில் உள்ள மச்சம் மாதிரி. எஃப்.என்.எச். புற்றுநோயாக மாறுவதில்லை. ஹெமாஞ்சியோமாவும் அப்படியே. வெடிப்பது மிக மிக அபூர்வம்.

மூன்றாவது ஹெப்படோசெல்லுலார் அடினோமா. இதுதான் அபூர்வம், இதுதான் தலைவலி. இதுவும் சாதாக் கட்டிதான், ஆனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிய வைக்கலாம், சில வகைகள் புற்றுநோயாக மாறவும் செய்யலாம். எஃப்.என்.எச்.சும் அடினோமாவும் வருவது ஏறக்குறைய ஒரே வயதுப் பெண்களுக்கு. இரண்டும் ஈரல் செல்லால் ஆனவை. சாதாரண ஸ்கேனில் அக்கா தங்கை போல இருக்கும். ஒன்றுக்கு ஒன்றுமே செய்ய வேண்டாம், இன்னொன்றுக்கு ஆபரேஷன் வரைக்கும் போக வேண்டியிருக்கலாம். எங்கள் வீட்டுக் குழப்பம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

இந்த இடத்தில் மாத்திரை விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கருத்தடை மாத்திரை 1960-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1973-இல் லான்செட் இதழில் வந்த ஒரு கட்டுரை, அதைச் சாப்பிட்ட பெண்களுக்கு ஈரலில் அடினோமா வருவதைச் சுட்டிக்காட்டியது. அன்றைய மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் அளவு இன்றையதைவிட அதிகம். ஆனாலும் தொடர்பு இன்றும் உண்டு. நம் ஊரில் சிக்கல் வேறு. டாக்டர் "கருத்தடை மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டால் கல்யாணமாகாத பெண் இல்லை என்றுதான் சொல்வாள். அம்மா பக்கத்தில் நின்றால் கேட்கவே வேண்டாம். அதே பெண் சினைப்பைக் கோளாறான பி.சி.ஓ.டி.க்காக நாலைந்து வருடமாக 'பீரியட்ஸ் மாத்திரை' சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். இரண்டும் பல சமயம் ஒரே மருந்து. என் தங்கையும் இல்லை என்றுதான் சொன்னாள். மூன்றாமவர்தான் கேள்வியை மாற்றிக் கேட்டார்: "மாசா மாசம் 21 நாள் போடற மாத்திரை ஏதாவது?" ஆறு வருடமாகப் போடுகிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆண்கள் என்றால் ஜிம்மில் போடும் அனபாலிக் ஸ்டெராய்டு ஊசியைப் பற்றிக் கேட்க வேண்டும். அதுவும் அடினோமாவைக் கொண்டுவரும்.

சரி, படத்துக்கு வருவோம். எந்தப் படம்?

சாதாரண அல்ட்ராசவுண்டு கட்டியைக் கண்டுபிடிக்கும், பெரும்பாலும் பெயர் சொல்லாது. ஒரு விலக்கு உண்டு. நல்ல ஈரலில், 3 செ.மீ.க்குக் குறைவாக, வெள்ளை வெளேரென்று, விளிம்பு தெளிவாகத் தெரியும் கட்டி என்றால் ஹெமாஞ்சியோமா என்று அதோடு முடித்துக்கொள்ளலாம். ஈரலில் கொழுப்பு படிந்திருந்தால் அந்தச் சௌகரியமும் போய்விடும். சுற்றியுள்ள ஈரல் வெளுத்துப்போய் இருப்பதால் ஹெமாஞ்சியோமா கறுப்பாகத் தெரியும்.

மூன்று கட்ட சி.டி. எங்கும் கிடைக்கிறது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். ரத்தம் பாயும் இடங்களைப் பளிச்சென்று காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்றி, தமனி வழியாக அது வரும்போது ஒரு படம், குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை வழியாக வரும்போது ஒரு படம், பிறகு தாமதமாக ஒரு படம். ஹெமாஞ்சியோமா என்றால் ஓரத்தில் திட்டுத் திட்டாக ஒளிர்ந்து மெல்ல உள்நோக்கி நிரம்பும். அதைப் பார்த்துவிட்டால் விவாதமே இல்லை. ஆனால் எஃப்.என்.எச்., அடினோமா, ஈரல் புற்றுநோய் மூன்றுமே முதல் படத்தில் பளிச்சென்று ஒளிரும். மூன்று பெயர்களை எழுதிவிட்டு ரிப்போர்ட் நிற்பது இதனால்தான், கதிரியக்க மருத்துவரின் சோம்பலால் அல்ல. இளம் பெண்ணுக்குத் திரும்பத் திரும்ப சி.டி. எடுப்பது கதிர்வீச்சுக் கணக்கிலும் நல்லதல்ல.

கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்டு பற்றி நம் ஊரில் அதிகம் பேசுவதில்லை. நுண்ணிய வாயுக் குமிழிகளை ரத்தத்தில் செலுத்தி, கட்டிக்குள் ரத்தம் எப்படிப் பாய்கிறது என்று அந்தந்த நொடியிலேயே பார்ப்பது. எஃப்.என்.எச்.சில் ரத்தம் நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் போல வெளியே பரவும். அடினோமாவில் பெரும்பாலும் வெளியிலிருந்து உள்ளே வரும். குமிழி மூச்சு வழியாகப் போய்விடுவதால் சிறுநீரகத்துக்குப் பாரமில்லை. 3 செ.மீ.க்குக் குறைவான எஃப்.என்.எச்.சுக்கு இதுதான் மிகத் துல்லியம் என்று ஐரோப்பிய ஈரல் ஆய்வுச் சங்கத்தின் 2016 வழிகாட்டி சொல்கிறது. குறை என்னவென்றால், கருவியைப் பிடிக்கும் கைக்குப் பழக்கம் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கட்டியைத்தான் பார்க்க முடியும். வயிற்றில் சதை அதிகமானால் படம் மங்கும்.

கடைசியாக எம்.ஆர்.ஐ. என் ஓட்டு இதற்கு. ஆனால் 'எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு' என்று சொன்னால் போதாது, எந்த மருந்து ஏற்றி எடுத்தது என்று கேட்க வேண்டும். வழக்கமான கடோலினியம் மருந்து ரத்தத்தில் ஓடிச் சிறுநீரில் போய்விடும். கடோக்ஸெடேட் என்ற மருந்து, பிரிமோவிஸ்ட் என்ற பெயரில் வருவது, வேறு ரகம். அதில் ஏறக்குறையப் பாதியை ஈரல் செல்கள் உள்வாங்கிப் பித்தத்தில் விடுகின்றன. ஊசி போட்டு 20 நிமிடம் கழித்து இன்னொரு படம் எடுப்பார்கள். எஃப்.என்.எச். செல்கள் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், சுற்றியுள்ள ஈரலைப் போலவோ அதைவிடப் பிரகாசமாகவோ ஒளிரும். அடினோமா பெரும்பாலும் கறுத்துக் கிடக்கும். கத்தியும் ஊசியும் இல்லாமல் அக்காவையும் தங்கையையும் பிரித்துக் காட்டுகிற படம் இது.

பெரும்பாலும் என்று சொன்னதைக் கவனியுங்கள். சில அடினோமாக்களும், முக்கியமாக அழற்சி வகையும் பீட்டா-கேட்டனின் வகையும் (வகைகளைப் பின்னால் சொல்கிறேன்), மருந்தை உள்வாங்கி ஏமாற்றும். அதனால் 20-வது நிமிடப் படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, தழும்பு, கொழுப்பு, நீரைப் பிரகாசமாகக் காட்டும் டி2 என்ற எம்.ஆர்.ஐ. படம் எல்லாம் சேர்ந்து ஒரே கதையைச் சொல்ல வேண்டும். இன்னொரு பொறி ஹெமாஞ்சியோமாவில். சுற்றியுள்ள ஈரல் மருந்தை உறிஞ்சி வெளுக்கும்போது ஹெமாஞ்சியோமா சீக்கிரமே கறுத்துவிடும். அனுபவமில்லாத கண்ணுக்கு அது புற்றுநோயின் அறிகுறி போலத் தெரியும். ஆக, சந்தேகம் ஹெமாஞ்சியோமா என்றால் விலை கூடிய இந்த மருந்து தேவையில்லை. வழக்கமான கான்ட்ராஸ்டே நல்லது. எஃப்.என்.எச்.சா அடினோமாவா என்பதுதான் கேள்வி என்றால் கடோக்ஸெடேட். எல்லா ஸ்கேன் சென்டரிலும் இருக்காது, போன் செய்து கேட்டுவிட்டுப் போவது நல்லது.

இனி ஊசி. 'சந்தேகத்துக்கு ஒரு பயாப்சி பண்ணிடலாமே' என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ரத்தக் குழாய் நிறைந்த கட்டியில் ஊசி விட்டால் ரத்தம் கசியும் அபாயம் உண்டு. படத்திலேயே தெளிவாகத் தெரியும் ஹெமாஞ்சியோமாவிலும் எஃப்.என்.எச்.சிலும் அந்த அபாயத்தை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இதைவிட எனக்கு எரிச்சல் தருவது எஃப்.என்.ஏ.சி. மெல்லிய ஊசியில் உறிஞ்சுவது தனித்தனிச் செல்களை. எஃப்.என்.எச்.சிலும் அடினோமாவிலும் செல் பார்க்க நார்மலாகவே இருக்கும், வித்தியாசமெல்லாம் அவை அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில். அதனால் 'கேன்சர் செல் இல்லை' என்ற வரி வரும், கேள்வி அப்படியே நிற்கும். எடுப்பதானால் தடித்த ஊசியில் துண்டாக எடுக்க வேண்டும், கட்டிக்கு வெளியே உள்ள ஈரலிலிருந்தும் ஒரு துண்டு வேண்டும், பிறகு சாயப் பரிசோதனைகள் செய்ய வேண்டும். குளூட்டமைன் சிந்தட்டேஸ் என்ற நொதியைக் காட்டும் சாயம் எஃப்.என்.எச்.சில் உலக வரைபடம் போலத் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். நுண்ணோக்கியில் தெரிவதும் எப்போதும் தீர்ப்பு ஆகிவிடாது. 'டெலாஞ்சியெக்டாட்டிக் எஃப்.என்.எச்.' என்று பல ஆண்டுகள் ஒரு வகையைச் சொல்லிவந்தார்கள். மரபணுவைப் பார்த்த பிறகு அது அடினோமா குடும்பம் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

பயாப்சி தேவைப்படும் இடம் எது என்றால், நல்ல எம்.ஆர்.ஐ. எடுத்தும் கதை ஒட்டவில்லை, கிடைக்கும் பதில் சிகிச்சையை மாற்றும் என்ற இடம். எப்படியும் அறுத்து எடுக்கத்தான் போகிறார்கள் என்றால் முன்கூட்டி ஊசி எதற்கு?

படம் அடினோமா என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? ஆணா பெண்ணா என்பதுதான் முதல் கேள்வி. ஆணுக்கு அடினோமா குறைவாகவே வரும், வந்தால் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு பெண்ணைவிடப் பல மடங்கு. அதனால் அளவு என்னவானாலும் அறுத்து எடுக்கச் சொல்கிறது அதே ஐரோப்பிய வழிகாட்டி. இங்கே 'பார்த்துக்கொண்டிருப்போம்' என்ற என் கட்சி செல்லாது.

பெண்ணுக்கு வேறு வழி இருக்கிறது. ஹார்மோன் மாத்திரையை நிறுத்த வேண்டும், எடை கூடியிருந்தால் குறைக்க வேண்டும், ஆறு மாதம் கழித்துத் திரும்ப எம்.ஆர்.ஐ. பல அடினோமாக்கள் இதிலேயே சுருங்குகின்றன. மாத்திரையை நிறுத்துவது என்றால் பி.சி.ஓ.டி.க்கு மாற்று என்ன என்று மகப்பேறு மருத்துவரிடம் சேர்த்தே பேச வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் மாத்திரை சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடும். ஆறு மாதம் கழித்தும் 5 செ.மீ.யோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது குறுக்களவு 20 சதவீதம் வளர்ந்திருந்தால், அறுவை. அதற்குக் கீழே என்றால் கண்காணிப்பு. முதல் நாளிலேயே 6 செ.மீ. என்பதால் மறுநாள் ஆபரேஷன் என்ற அவசரம் பொதுவாகத் தேவையில்லை என்பது இதிலிருந்து தெரியும்.

அளவு மட்டுமே கணக்கும் இல்லை. 2000-களின் நடுவில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அடினோமாக்களை மரபணு வாரியாகப் பிரித்தார்கள். எச்.என்.எஃப்.1ஏ மரபணு செயலிழந்த வகை கொழுப்பு நிறைந்தது, எம்.ஆர்.ஐ.யிலேயே அடையாளம் தெரியும், பெரும்பாலும் சாது. அழற்சி வகை உடல் பருமனோடும் மதுவோடும் சேர்ந்து வரும். பீட்டா-கேட்டனின் மாற்றம் உள்ள வகைதான் புற்றுநோய்ப் பக்கம் சாய்வது. அது உறுதியானால் பெண்ணுக்கும் அளவு பார்க்காமல் எடுத்துவிட வேண்டும். நான் மேலே கொஞ்சம் இளக்காரமாகப் பேசிய பயாப்சிக்கு இங்கே மரியாதை உண்டு. எம்.ஆர்.ஐ.யில் வகை பிடிபடாத அடினோமாவில், காத்திருக்கலாமா கூடாதா என்பதை அந்தத் துண்டுதான் சொல்லும்.

திடீரென்று வயிற்றின் வலது பக்கம் தாங்க முடியாத வலி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்குவது என்றால் கட்டியிலிருந்து ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது நேரே கத்தியை எடுப்பதைவிட, தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாகக் குழாய் விட்டு அந்த ரத்தக் குழாயை அடைக்கும் எம்போலைசேஷனை முதலில் செய்வார்கள். ரத்தம் நின்று, உறைந்தது கரைந்த பிறகு, மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்கலாம். சூட்டால் கருக்கும் அப்லேஷன் சின்னக் கட்டிகளுக்கு, முக்கியமாக ஆழத்தில் இருப்பவற்றுக்கு ஒரு மாற்று. ஆனால் எரித்துவிட்டால் முழுக் கட்டியையும் ஆய்வுக்கு அனுப்ப முடியாது. பத்துக்கும் மேல் அடினோமா இருக்கிறவர்களுக்கு எல்லாவற்றையும் வெட்ட முடியாது, பெரியதை மட்டும் எடுத்து மற்றதைக் கவனிப்பார்கள்.

கல்யாணம், குழந்தை பற்றிய கேள்வியும் வரும், நம் வீடுகளில் முதலிலேயே வரும். அடினோமா இருந்தால் கர்ப்பம் கூடாது என்பது பழைய பேச்சு. 5 செ.மீ.க்குக் குறைவு என்றால் கர்ப்ப காலத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே போகலாம். எஃப்.என்.எச்.சுக்கு அந்தக் கண்காணிப்பும் வேண்டாம்.

இவற்றைவிட அபூர்வமானவை சில. ஆஞ்சியோமயோலிப்போமா, கொழுப்பும் மென்தசையும் தடித்த ரத்தக் குழாயும் கலந்த கட்டி. கொழுப்பு நிறைய இருந்தால் படத்திலேயே தெரிந்துவிடும், குறைவாக இருந்தால் அச்சு அசலாக ஈரல் புற்றுநோய் மாதிரி இருக்கும். அங்கே பயாப்சிதான் ஆளைக் காப்பாற்றும். இந்தக் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் எச்.எம்.பி.-45 சாயம் பிடித்துவிட்டால் பெரிய ஆபரேஷனைத் தவிர்த்துக் கண்காணிக்கலாம். வளர்ந்தாலோ சந்தேகமான வகை என்றாலோதான் அறுவை. அழற்சியால் வரும் போலிக் கட்டியும் இப்படித்தான். காய்ச்சல், எடை குறைவு என்று புற்றுநோய் வேஷம் போட்டு வந்து, துண்டெடுத்துப் பார்த்தால் மருந்திலேயே கரையும் சங்கதியாக இருக்கும்.

நீர்க்கட்டி மாதிரித் தெரிவதில் கதை தலைகீழ். நடுவயதுப் பெண்ணுக்கு, தடுப்புச் சுவர்கள் உள்ள நீர்க்கட்டி ஒன்று இருந்தால் அது சளி சுரக்கும் மியூசினஸ் கட்டியாக இருக்கலாம். அதில் ஊசி விட்டாலும் பயனில்லை, மேல் மூடியை மட்டும் வெட்டிவிட்டால் திரும்ப வரும். புற்றுநோயாக மாறக்கூடியது என்பதால் முழுசாக எடுக்க வேண்டும். ஆடும் நாயும் சுற்றும் கிராமத்து ஆட்களுக்கு ஹைடாடிட் நீர்க்கட்டி இருக்கலாம் என்று தோன்றினால், தயாரிப்பு இல்லாமல் ஊசியை வைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் நாடாப்புழுக் கருக்கள் வயிற்றுக்குள் சிந்தினால் கடுமையான ஒவ்வாமை வரும், பல இடங்களில் புதுக் கட்டிகளும் முளைக்கும்.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வருட மாத்திரை, 6 செ.மீ. கட்டி என்றதும் எல்லோரும் அடினோமா என்றே முடிவு கட்டியிருந்தோம். கடோக்ஸெடேட் போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். நடுவில் தழும்பு இருந்தது, கொழுப்பு இல்லை, 20-வது நிமிடப் படத்தில் கட்டி சுற்றியுள்ள ஈரலைவிடப் பளிச்சென்று இருந்தது. எஃப்.என்.எச். அதற்காக மாத்திரையை நிறுத்தக்கூட அவசியமில்லை என்றார் மருத்துவர். மாதவிடாய்க்கு அது வேண்டுமா வேண்டாமா என்பதை மகப்பேறு மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

ரிப்போர்ட் தாளை லேமினேட் செய்து, படங்கள் உள்ள குறுந்தகட்டோடு சேர்த்து ஃபைலில் வைத்திருக்கிறாள். பத்து வருடம் கழித்து வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது யாராவது ஈரலில் கட்டி என்று எழுதுவார்கள் இல்லையா? அன்றைக்குக் காட்ட.